‘ப்ரீச்சர்’ என்றால் போதகரா? ஓர் ஆங்கிலச் சொல்லும் அதைத் தமிழாக்குவதில் உள்ள சிக்கலும்

2025 மே 4 அன்று புதுடில்லியில் ஆர்க்டிக் வட்ட இந்திய மன்றத்தின் கூட்டம் நடந்தது. ஐரோப்பாவிடம் இந்தியா என்ன எதிர்பார்க்கிறது என்று வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கரிடம் அங்கே கேட்டார்கள். உலகத்தைப் பார்க்கும்போது இந்தியா ‘பார்ட்னர்’களைத் தேடுகிறது, ‘ப்ரீச்சர்’களைத் தேடவில்லை என்றார் அவர். அதிலும் வெளியே சொல்வதைத் தங்கள் வீட்டில் செய்யாத ப்ரீச்சர்கள் வேண்டவே வேண்டாம் என்பது அவர் பதிலின் சாரம்.

பகல்காம் தாக்குதல் நடந்து இரண்டு வாரம்கூட ஆகாத நேரம் அது. அந்தப் பதில் அன்றே தலைப்புச் செய்தியானது. அகராதியை மட்டும் நம்பி அதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: ‘எங்களுக்குப் பங்காளிகள் வேண்டும், போதகர்கள் வேண்டாம்.’ இதில் இரண்டு சொல்லுமே வழுக்குகின்றன. தமிழ்நாட்டில் பங்காளி என்றால் ஒரே பாட்டன் வழி வந்த உறவு. பாகப்பிரிவினையில் எதிரே உட்காருகிறவர். போதகர் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துகிறவர். அமைச்சர் ஏதோ பாதிரிமாரைப் பற்றிப் பேசிவிட்டார் என்றே வாசகர் நினைப்பார். அவர் பேச்சில் மதத்துக்கு இடமே இல்லை.

‘ப்ரீச்’ என்ற வினைச்சொல்லும் அதைச் சுற்றியுள்ள குடும்பமும் செய்தியில், சினிமா விமர்சனத்தில், அலுவலக மின்னஞ்சலில் அன்றாடம் வருகின்றன. ஒரு வரியில் அது பாராட்டு, அடுத்த வரியில் வசை. பேசப்பட்ட கருத்து சரியா தவறா என்பதில் இந்தச் சொல்லுக்கு அக்கறை குறைவு. பேசியவர் எந்த இடத்தில் நின்று பேசினார், அந்த இடத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்பதைத்தான் அது சுட்டுகிறது. அந்தக் கேள்வி இதற்குள் எப்படி நுழைந்தது என்று தெரிய வேரிலிருந்து தொடங்க வேண்டும்.

வேர்: முன்னால் நின்று அறிவிப்பது

லத்தீனில் ‘ப்ரே’ என்றால் முன்னால்; ‘டிகாரே’ என்றால் அறிவித்தல். இரண்டும் சேர்ந்த ‘ப்ரேடிகாரே’ என்ற வினைக்குப் பலர் முன்னிலையில் உரக்க அறிவிப்பது என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டு வாக்கில் அது ஆங்கிலத்துக்குள் ‘ப்ரீச்’ ஆக வந்து சேர்ந்தது. ஜெர்மனில் ‘ப்ரேடிகன்’, ஸ்பானிய மொழியில் ‘ப்ரெடிகார்’, பிரெஞ்சில் ‘ப்ரெஷே’ எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இலக்கணத்தில் பயனிலையைக் குறிக்கும் ‘ப்ரெடிகேட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதே லத்தீன் வினையிலிருந்து வந்ததுதான். எழுவாயைப் பற்றி எது அறிவிக்கப்படுகிறதோ அது பயனிலை என்று நினைத்துப் பார்த்தால் உறவு புரியும்.

டச்சில் சபைக் குருவுக்கு ‘ப்ரெடிகான்ட்’ என்று பெயர். 1658இல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது அங்கே வந்து பணியாற்றிய பிலிப்பஸ் பால்டேயஸ் அப்படி ஒரு ப்ரெடிகான்ட். ஆங்கிலேயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சொற்குடும்பத்தின் ஒரு கிளை தமிழ் மண்ணில் புழங்கியிருக்கிறது.

இயேசு தம் சீடர்களை உலகெங்கும் அனுப்பும் இடம் மாற்கு நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஆங்கில பைபிளில் ‘ப்ரீச்’ என்று இருக்கும் அந்த இடத்தில், லத்தீன் பைபிளில் ‘ப்ரேடிகாரே’ என்ற வினை. கிரேக்க மூலத்தில் இருப்பதோ அரசனின் செய்தியை ஊருக்கு அறிவிக்கும் தூதுவனின் செயலைக் குறிக்கும் வினை. பழைய தமிழ் பைபிள் இதைப் ‘பிரசங்கியுங்கள்’ என்று எழுதுகிறது. பின்னால் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘பறைசாற்றுங்கள்’ என்கிறது. எனக்கு இரண்டாவதுதான் மூலத்தின் உயிரைத் தொடுவதாகப் படுகிறது. பறையை அடித்து ஊர்கூட்டிச் சொல்லும் காட்சி கிரேக்கச் சொல்லிலும் லத்தீன் சொல்லிலும் அப்படியே இருக்கிறது.

பறை சாற்றுகிறவன் தன் கருத்தைச் சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘நாளை வரி கட்டு’ என்று அவன் கூவும்போது ஊர் அவன்மேல் கோபப்படாது. அது அரசன் வாக்கு. அவன் வெறும் வாய். தொடக்ககாலக் கிறிஸ்தவத்தில் ப்ரீச் செய்தவரும் இந்த நிலையில்தான் இருந்தார். தம்மைவிடப் பெரிய ஒருவரின் செய்தியைக் கொண்டுவந்தார். அதனால் அது மதிப்புக்குரிய தொழில். 1216இல் போப்பாண்டவரின் ஒப்புதல் பெற்ற டொமினிக்கன் துறவியர் சபைக்கு அதிகாரபூர்வப் பெயரே ‘ப்ரீச்சர்களின் சபை’ என்பதுதான். அந்தப் பெயரில் பழிப்பு எதுவும் இல்லை.

மேடை யாருடையது?

செய்தி மேலிடத்துடையது என்றால், அதைச் சொல்ல ஒருவரை நியமிப்பதும் மேலிடத்தின் வேலை ஆகிறது. இங்கிலாந்தில் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உரிமம் இல்லாமல் ப்ரீச் செய்யக் கூடாது என்று திருச்சபை விதி வகுத்துவிட்டது. இந்த விதிமுறை மனப்பான்மை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜான் பன்யனின் வாழ்க்கை சாட்சி. பழைய பாத்திரங்களைச் செப்பனிட்டுப் பிழைத்த எளிய மனிதர் அவர். அரசு ஏற்ற திருச்சபைக்கு வெளியே கூட்டம் கூட்டிப் பேசினார் என்று 1660இல் கைது செய்தார்கள். இனிமேல் பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் விட்டுவிடுவோம் என்றார்கள். அவர் கொடுக்கவில்லை. 1672 வரை, சுமார் 12 ஆண்டுகள், பெட்ஃபர்ட் சிறையில் கிடந்தார்.

1739 ஏப்ரலில் ஜான் வெஸ்லி பிரிஸ்டல் நகரத்தில் கூரை இல்லாத வெளியில் நின்று ப்ரீச் செய்யத் தொடங்கினார். தேவாலயத்துக்குள் மட்டுமே பேசிப் பழகிய அவருக்கே முதலில் அது கூச்சமாக இருந்தது. அவர் தொடங்கிய மெத்தடிஸ்ட் இயக்கம் சாதாரணத் தொழிலாளிகளையும் ப்ரீச்சர்கள் ஆக்கியது. மேடை இப்போது யாரும் ஏறக்கூடியது. யாரும் ஏறலாம் என்றால், ‘நீ யார் எனக்குச் சொல்ல?’ என்று யாரும் கேட்கவும் செய்யலாம்.

மதத்துக்கு வெளியே, கேட்காத ஒருவருக்கு நல்லொழுக்கம் எடுத்துச் சொல்வது என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் சொல்லில் ஒட்டியிருந்தது. ‘ப்ரீச்சி’ என்ற பெயரடை 1819 வாக்கில் எழுத்தில் பதிவாகிறது. அது பிறந்ததிலிருந்தே வசைச் சொல்தான். அதற்கு நல்ல பொருள் ஒருநாளும் இருந்ததில்லை.

இன்று புழங்கும் மூன்று பொருள்

1. மதப் பொருள். தேவாலயத்திலோ மசூதியிலோ தெருமுனையிலோ சமயச் செய்தியை எடுத்துச் சொல்வது. இங்கே சொல் நடுநிலையானது. ஆங்கிலச் செய்தியில் ஒருவரை ‘இஸ்லாமிக் ப்ரீச்சர்’ என்று எழுதினால் அது அவர் தொழிலைச் சொல்கிறது. தமிழில் மதபோதகர் என்று எழுதுவது சரி. பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதும் ‘ஹேட் ப்ரீச்சர்’ என்பதிலும் பழிப்பு முழுவதும் ‘ஹேட்’ (வெறுப்பு) என்ற முன்சொல்லில் இருக்கிறது.

2. விடாமல் வலியுறுத்துவது. தன் அணிக்குப் பொறுமையை ப்ரீச் செய்யும் பயிற்சியாளர், சிக்கனத்தை ப்ரீச் செய்யும் நிதியமைச்சர். திரும்பத் திரும்ப ஒரே கொள்கையைச் சொல்கிறார் என்பதற்கு மேல் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. காந்தி அகிம்சையை ப்ரீச் செய்தார் என்று வரலாற்று நூலில் வந்தால் அது குறைகூறல் அல்ல. தமிழில் ‘வலியுறுத்தினார்’, ‘போதித்தார்’ இரண்டும் பொருந்தும்.

3. கேட்காதவருக்கு ஒழுக்கம் சொல்வது. ஜெய்சங்கர் பயன்படுத்தியது இது. சொல்கிறவர் தம்மை ஒரு படி மேலே வைத்துக்கொள்கிறார், கேட்கிறவர் அந்தப் படியை ஒப்புக்கொள்ளவில்லை. இந்த இரண்டும் இருந்தால்தான் மூன்றாம் பொருள் பிறக்கும். அறிவுரை தவறாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. புகை பிடிக்காதே என்று ஒருவர் சொல்வது முழுக்க முழுக்க உண்மையாக இருக்கலாம். அப்போதும் கேட்பவர் அதை ‘ப்ரீச்சிங்’ என்று தள்ளிவிட முடியும். இதனாலேயே பதில் சொல்ல முடியாத விமர்சனத்தை ஒதுக்கவும் இந்தச் சொல் கைகொடுக்கிறது. ஒரு நாடு இன்னொரு நாட்டைப் பார்த்து ‘எங்களுக்கு ப்ரீச் செய்யாதே’ என்று சொல்லும்போது, எழுப்பப்பட்ட கேள்விக்கு அது பதில் சொல்லியிருக்கிறதா என்று வாசகர் தனியாகப் பார்க்க வேண்டும்.

பக்கத்துச் சொல்லைப் பார்த்தால் பொருள் பிடிபடும்

எந்தப் பொருள் வருகிறது என்று கண்டுபிடிக்க, வினையை அடுத்து நிற்கும் சிறு சொல் பெரும்பாலும் போதும்.

1. நேராக ஒரு கொள்கையின் பெயர் வந்தால், அதாவது பொறுமை, சமத்துவம், சிக்கனம் என்று வந்தால், இரண்டாம் பொருள்.

2. ‘டு’ வந்து அதன்பின் ஆட்கள் வந்தால் கேட்கிற கூட்டத்தைக் குறிக்கிறது. சபைக்கு, மக்களுக்கு என்று வந்தால் மதப் பொருள். ‘டோன்ட்’ என்ற மறுப்போடு சேர்ந்து ‘எனக்கு’ என்று வந்தால் எரிச்சல்.

3. ‘அட்’ வந்தால் சந்தேகமே வேண்டாம், எரிச்சல்தான். கல்லை ஒருவர்மேல் எறிவதற்கும் ஆங்கிலத்தில் இதே ‘அட்’ வரும். பேச்சு அப்படி ஒருவரைக் குறிபார்த்து வீசப்படுகிறது என்ற உணர்வை அது தருகிறது.

4. ‘அகெய்ன்ஸ்ட்’ வந்தால் ஒன்றைக் கண்டித்துப் பேசுவது. குடிக்கு எதிராக, அடிமை முறைக்கு எதிராக.

தமிழர்கள் ஆங்கிலம் எழுதும்போது அடிக்கடி தடுக்குகிற இடம் ஒன்று உண்டு. ‘நேர்மையாக இருக்கும்படி அப்பா எனக்குப் போதித்தார்’ என்பதை ‘மை ஃபாதர் ப்ரீச்ட் மீ டு பி ஆனஸ்ட்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் இந்த வாக்கியம் நிற்காது. ‘ப்ரீச்’ என்ற வினை ஆளை நேரடிச் செயப்படுபொருளாக இப்படி ஏற்பதில்லை. இலக்கணத்தைத் திருத்தி எழுதினாலும், அப்பா ஓயாமல் உபதேசம் செய்து சலிப்பூட்டினார் என்ற சாயல் வந்துவிடும். அப்பாவை மதித்து எழுத வேண்டுமானால் ‘டாட்’ என்ற இறந்தகால வினைதான், அதாவது கற்றுக்கொடுத்தார் என்பதுதான் சரி. வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் ‘என் குழுவுக்குப் பாதுகாப்பு விதிகளை ப்ரீச் செய்தேன்’ என்று எழுதுவதும் இதே வகையில் திருப்பி அடிக்கும்.

எழுத்துப் பற்றி ஒரு குறிப்பு. விதிமீறலையும் தகவல் கசிவையும் குறிக்கும் இன்னோர் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் ‘ப்ரீச்’ என்றேதான் எழுத வேண்டியிருக்கிறது. தமிழ் ‘ப’ இரண்டு ஒலிக்கும் பொது. ‘டேட்டா ப்ரீச்’ என்று நாளிதழில் வருவது அந்தச் சொல். இங்கே பேசிக்கொண்டிருப்பதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

நான்கு தொடர்கள்

‘ப்ராக்டிஸ் வாட் யூ ப்ரீச்’: நீ சொல்வதை நீயே செய். இதன் மூலம் மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இயேசு அக்கால யூத மதத் தலைவர்களான பரிசேயரைப் பற்றிச் சொன்னது. பழைய தமிழ் பைபிளில் அந்த இடம் ‘சொல்லியும் செய்யாதிருக்கிறார்கள்’ என்று இருக்கிறது. தமிழ் வாசகருக்கு உடனே குறள் நினைவுக்கு வரும்: ‘சொல்லுதல் யார்க்கும் எளிய அரியவாம் சொல்லிய வண்ணம் செயல்.’ ஆனால் இரண்டின் தொனியும் வேறு. வினைத்திட்பம் அதிகாரத்தில் வரும் குறள், செய்து முடிப்பது எவ்வளவு கடினம் என்று பேசுகிறது. யாரையும் குற்றம் சாட்டவில்லை. ஆங்கிலத் தொடரில் குற்றச்சாட்டு இருக்கிறது. அதற்கு நெருக்கமாக நம்மிடம் இருப்பது ‘படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்’ என்ற பழமொழிதான். ஜெய்சங்கர் வாக்கியத்தின் பின்பாதி முழுவதும் இந்தத் தொடரின்மேல் கட்டப்பட்டது.

‘ப்ரீச்சிங் டு த கொயர்’: கொயர் என்பது தேவாலயப் பாடகர் குழு. வாரம் தவறாமல் வந்து ப்ரீச்சருக்குப் பக்கத்திலேயே நிற்பவர்கள். அவர்களுக்கு விசுவாசத்தைப் பற்றி எடுத்துச் சொல்ல என்ன இருக்கிறது? ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்களிடமே வாதாடுவதை அமெரிக்காவில் இப்படிச் சொல்கிறார்கள். பிரிட்டனில் கொயருக்குப் பதில் ‘கன்வெர்டட்’, அதாவது மதம் மாறி வந்துவிட்டவர்கள். சிலர் இதற்குக் ‘கொல்லன் தெருவில் ஊசி விற்பது’ என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. கொல்லனுக்கு உன்னைவிட அதிகம் தெரியும் என்பது அந்தப் பழமொழி. இங்கே கேட்பவர் உன்னோடு உடன்படுகிறார் என்பது மட்டுமே விஷயம். ‘நம் ஆட்களிடமே பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்று நேராக எழுதிவிடுவது மேல்.

‘புல்லி புல்பிட்’: அமெரிக்க அதிபர்களைப் பற்றிய கட்டுரைகளில் தவறாமல் வரும் தொடர். 1901 முதல் 1909 வரை அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் தம் பதவியை இப்படி வர்ணித்தார். புல்பிட் என்பது தேவாலயத்தில் நின்று பேசும் உயர்ந்த மேடை. ‘புல்லி’ என்றால் இன்று எளியவரை மிரட்டுபவர் என்று பொருள் இருப்பதால், மிரட்டல் மேடை என்று புரிந்துகொள்ள இடமிருக்கிறது. ரூஸ்வெல்ட் காலத்துப் பேச்சில் அது ‘பலே, அருமை’ என்று சொல்வதைப் போன்ற பாராட்டு. மக்களிடம் தம் கருத்தைக் கொண்டுபோக இதைவிட நல்ல மேடை கிடைக்காது என்பதே அவர் சொன்னது.

நான்காவது, ஒற்றைச் சொல். சமூக ஊடகத்தில் யாராவது மனத்தில் பட்டதை அழுத்தமாகச் சொன்னால் கீழே ‘ப்ரீச்!’ என்று பதில் போடுகிறார்கள். ‘உபதேசம் செய்’ என்று கிண்டல் செய்வதாகத் தமிழர் பலர் இதை எடுத்துக்கொள்கிறார்கள். நேர் எதிர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் ப்ரீச்சர் பேசும்போது சபை சும்மா உட்கார்ந்திருக்காது. ‘ஆமென்’, ‘சொல்லுங்கள்’, ‘ப்ரீச்’ என்று குரல் கொடுத்து அவரை மேலே மேலே கொண்டுபோகும். மார்ட்டின் லூதர் கிங் அந்த மரபின் பிள்ளை. அவர் தந்தையும் தாய்வழிப் பாட்டனும் அட்லாண்டாவின் எபநேசர் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் போதகர்கள். அவரும் அங்கே போதகராக இருந்தார். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் அவர் ஆற்றிய உரையின் ஒலிப்பதிவைக் கேட்டால், கூட்டத்திலிருந்து எழும் அந்தக் குரல்கள் காதில் விழும். இந்தச் சூழலில் மேடையைக் கொடுப்பதே கூட்டம்தான். அதனால் அங்கே சொல் இனிக்கிறது. தமிழில் ‘அப்படிப் போடு!’, ‘சரியாச் சொன்னீங்க!’

உறவுக்காரச் சொற்கள்

தேவாலயத்தில் ஆற்றும் உரைக்கு ஆங்கிலத்தில் ‘சர்மன்’, ‘ஹாமிலி’ என்று இரண்டு பெயர் உண்டு. ‘சர்மன்’ லத்தீனில் உரையாடல் என்று தொடங்கியது. ‘ஹாமிலி’ கிரேக்கத்தில் கூடிப் பேசுதல். இரண்டும் இருவர் பேசும் பேச்சாக இருந்து, ஒருவர் மட்டும் பேசும் பேச்சாக மாறிவிட்டன. தமிழகக் கத்தோலிக்கர் ஹாமிலிக்கு ‘மறையுரை’ என்கிறார்கள், அழகான ஆக்கம். ‘சர்மனைஸ்’ என்பது சர்மன் பாணியில் நீட்டி முழக்குவது. 17ஆம் நூற்றாண்டு முதல் உண்டு, இன்று பெரும்பாலும் பழிப்பு. ‘லெக்சர்’ படித்தல் என்ற வேரிலிருந்து வந்தது. ‘லெக்சர் அடிக்காதே’ என்று தமிழிலேயே ஆகிவிட்டதால் விளக்கம் தேவையில்லை. ‘பான்டிஃபிகேட்’ போப்பாண்டவரைக் குறிக்கும் லத்தீன் பட்டத்திலிருந்து பிறந்தது. எல்லாம் தெரிந்தவர் போல முடிந்த முடிவாகப் பேசுவது. ப்ரீச் செய்பவர் உன்னைத் திருத்தப் பார்க்கிறார். பான்டிஃபிகேட் செய்பவருக்கு நீ திருந்துவது முக்கியம் இல்லை, நீ கேட்டால் போதும்.

தமிழில் மேடை எப்படி வந்தது

இந்த வரலாறு தமிழுக்கு அந்நியமானது அல்ல. வெஸ்லியின் இயக்கத்தைச் சேர்ந்த மிஷனரிகள் 1814இல் இலங்கைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய பள்ளியை நடத்திய பீட்டர் பெர்சிவலிடம் படித்து, அங்கேயே ஆசிரியராகி, அவருடைய பைபிள் மொழிபெயர்ப்புக்கும் துணை நின்றவர் ஆறுமுக நாவலர். ப்ரீச் என்பது எப்படி நடக்கிறது என்று நாவலர் அருகில் இருந்து பார்த்தார். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அதன்பின் வெள்ளிக்கிழமை தோறும் அது நடந்தது. அதற்கு முன்னும் கோயில்களில் புராணபடனம் இருந்தது. நூலைப் படித்து வரிக்கு வரி பொருள் சொல்வார்கள். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, கூடியிருக்கும் எல்லாருக்கும், புரியும் உரைநடையில், வாரந்தோறும் பேசுவது புதிது. தமிழ் மேடைப் பேச்சின் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக இதைக் காட்டுகிறார்கள். சைவத்துக்கு எதிராகப் பேசப்பட்ட ப்ரீச்சை, சைவத்துக்காக நாவலர் எடுத்துக்கொண்டார். இது எனக்குத் தமிழ் அறிவு வரலாற்றின் துணிச்சலான தருணங்களில் ஒன்றாகவே தோன்றுகிறது.

‘பிரசங்கம்’ வடமொழியில் தொடர்பு, சந்தர்ப்பம், பேச்சுக்கு எடுத்த பொருள் என்றெல்லாம் பொருள்படும். தமிழில் அது உரை ஆயிற்று. பைபிளில் ஒரு நூலுக்கே ‘பிரசங்கி’ என்று பெயர். அதன் கூடவே ‘அதிகப்பிரசங்கி’ என்ற சொல்லும் நம்மிடம் இருப்பதால், ‘ப்ரீச்சி’ என்பதற்கு அதுதான் சரியான தமிழ் என்று தோன்றலாம். கொஞ்சம் நின்று பார்த்தால் திசை தலைகீழாக இருக்கிறது. அதிகப்பிரசங்கி என்று பெரியவர்கள் சின்னவர்களைச் சொல்வார்கள்: தனக்கு இல்லாத இடத்துக்கு ஏறிப் பேசிவிட்டான் என்று. ‘ப்ரீச்சி’ என்று பொதுவாகச் சொல்வது கீழே நிற்கவைக்கப்பட்டவர்: நீ ஏறி நிற்கும் இடம் உன்னுடையது அல்ல என்று. இரண்டிலும் கேள்வி மேடையைப் பற்றியதுதான், ஆனால் கேட்பவர் வேறு.

‘உபதேசம்’ இன்னும் நுட்பமானது. ‘உப’ என்றால் அருகில். குரு சீடனை அருகில் அழைத்துக் காதில் சொல்வது உபதேசம். ஊர் முன்னால் உரக்கச் சொல்வது ப்ரீச். இரண்டும் சந்தித்த இடத்தை வைணவ மரபு ஒரு நிகழ்ச்சியாக வைத்திருக்கிறது. திருக்கோஷ்டியூர் நம்பி ராமானுஜருக்கு ரகசியமாக உபதேசித்த மந்திரத்தை, அவர் கோயில் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார் என்பது மரபுவழிச் செய்தி. உபதேசமாக உள்ளே போனது ‘ப்ரேடிகாரே’யாக வெளியே வந்தது. எதிரெதிர் முனைகளில் தொடங்கிய இந்த இரண்டு சொற்களும் பேச்சு வழக்கில் ஒரே இடத்தில் வந்து புளித்திருக்கின்றன. ‘ஊருக்கு உபதேசம்’ என்று தமிழில் சொன்னால் ஆங்கிலத்தின் மூன்றாம் பொருள் அப்படியே கிடைக்கிறது. கேட்காதவருக்குச் சொல்வது, தான் செய்யாததைச் சொல்வது என்ற இரண்டு குற்றச்சாட்டும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

கதை, சினிமா பற்றி ‘ப்ரீச்சி’ என்று வந்தால் நம் விமர்சகர்கள் பலகாலமாகப் பயன்படுத்தும் ‘பிரச்சார நெடி’ இருக்கிறது. ‘நெடி’ என்ற சொல் மூக்கில் ஏறும் உறுத்தலையும் சேர்த்துச் சொல்வதால், ஆங்கிலத்தைவிட இது கூர்மை. வீட்டுப் பேச்சு என்றால் ‘அட்வைஸ் பண்ணாத’, ‘கிளாஸ் எடுக்காத’. இளைஞர் பேசும் வசனத்தில் ஆங்கில ‘ப்ரீச்’ வந்தால் துணைத்தலைப்பில் ‘பிரசங்கம் செய்யாதே’ என்று போடுவதைவிட இது எவ்வளவோ இயல்பு.

தலைப்புக்குத் திரும்பினால்

இனி அந்த 2025 மே மாத வாக்கியத்தை எழுதிப் பார்க்கலாம். ‘பார்ட்னர்’ என்பதற்கு இங்கே ‘கூட்டாளி’ போதும். ‘ப்ரீச்சர்’ என்பதற்குப் போதகரும் ஆகாது, மதபோதகரும் ஆகாது, பிரசங்கியும் ஆகாது. ‘இந்தியா தேடுவது கூட்டாளிகளை, ஊருக்கு உபதேசம் சொல்பவர்களை அல்ல’ என்று எழுதினால், யாரைச் சொல்கிறார், ஏன் கோபம் என்று இரண்டும் விளங்கும். இடம் குறைவான அச்சுத் தலைப்பு என்றால்: ‘எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்: ஐரோப்பாவுக்கு இந்தியா பதில்.’ இதில் ‘வீட்டில் செய்யாததை வெளியே சொல்பவர்கள்’ என்ற பின்பாதி விடுபட்டுப்போகும். அதை முதல் பத்தியிலேயே சேர்த்துவிட வேண்டும். அமைச்சர் உண்மையில் அழுத்திச் சொன்னது அந்தப் பாதியைத்தான்.